பதினோரு மீட்டர்

ஒரோரூவுக்கு வடக்கே நாற்பது கிலோமீட்டர்.
தார் முடிந்து சரளை, சரளை முடிந்து செம்மண்,
அதற்கப்பால் கூரை போன கல்வீடுகள்.
மைலுக்கு ஒன்றாக நிற்கின்றன,
பஸ் நின்றுபோன சேதி
இன்னும் எட்டாதவர்கள் போல.

நான் வேலி போடுகிறவன்.
படம் பிடிக்க வருகிறவர்களை
சாயங்காலங்களில் பார்த்திருக்கிறேன்.
சுவரில் விழும் மஞ்சளுக்காக மண்டியிடுவார்கள்.
நானும் மண்டியிடுவேன்,
அடியில் பாறையா களியா என்று தட்டிப் பார்க்க.

இந்த வீட்டைக் கட்டியவன் எர்ன்ஸ்ட் நொஸ்கே.
நிலைக்கு மேல் பெயரும் வருடமும் செதுக்கியிருக்கிறான்.
1878.
கடைசி எட்டின் கீழ்ச்சுழி உதிர்ந்து
இப்போது அது ஒரு சின்னப் பூஜ்யம்.

ஏர் போன இடத்துக்கெல்லாம்
மழை பின்னாலேயே வரும் என்று
அப்போது நம்பினார்கள்.
வரத்தான் செய்தது, மூன்று வருடம்.
ஒன்றரை அடிக் கனத்தில் எழுந்த இந்தச் சுவர்
அந்த மூன்று வருடத்தின் திமிர்.
நான்காம் வருடம் மழை
வேறு எவனுடைய ஏரையோ பார்க்கப் போய்விட்டது.

இப்போது தகராறு கோட்டில்.
செயற்கைக்கோள் புதிதாக அளந்து சொன்ன எல்லை
முன்வாசலில் நுழைகிறது,
நடுச்சுவரை ஒட்டியே போகிறது,
பின் ஜன்னலில் வெளியேறுகிறது.
கிழக்கே லோர்னா ஹாய்சன்ரோடர்.
மேற்கே இவோர் பெத்தரிக்.
இருவரும் பேசிப் பதினாறு வருடம்
(காரணம் ஒரு கிடா, அதுவும் செத்துவிட்டது).
இருவரும் தனித்தனியே போன் செய்து
ஒரே வாக்கியம் சொன்னார்கள்:
"வீட்டை அந்தப் பக்கம் தள்ளிவிடு."

புகைக்கூண்டு சரிந்து
படம் பிடிக்கிற எவன் தலையாவது உடைந்தால்
கோர்ட்டுக்கு யார் அலைவது?
ஏலத்தில் ஒரு கை உயர
இன்னொரு கை அதற்கு மேலே உயர்ந்து,
கடைசியில் சட்டையைப் பிடித்துக்கொண்ட
அதே நிலம்தான்.

என்னோடு குழி தோண்டுகிற க்ளைவ்
ஙஜூரிக்காரன்.
கொல்லைக் கிணற்றை மூடியிருந்த தகரத்தை
பூட்ஸ் காலால் நகர்த்தி
ஒரு கல்லை உள்ளே விட்டான்.
சத்தம் வர நேரமாயிற்று,
வந்தது தண்ணீரின் சத்தமில்லை.
நொஸ்கே வருவதற்கு முன்
இது கிணறு இல்லை, ஊற்று என்றான்.
யாருடையது என்று கேட்டேன்.
"கோட்டுக்கு எந்தப் பக்கம் கேட்கிறாய்?"
சிரித்தானா தெரியவில்லை.
வாய் நிறையக் கொக்கி ஆணிகள்.

சமையலறையில் கணுக்கால் ஆழத்துக்கு ஆட்டுப் புழுக்கை.
அடுப்பு மாடத்துக்குப் பக்கத்தில்
காரை கொஞ்சம் மிச்சமிருந்தது,
அதில் பென்சிலால் ஒரு கணக்கு.
கோதுமை மூட்டைகள்,
வித்துக்கு, வட்டிக்கு, கடைக்காரனுக்கு,
கீழே இரண்டு கோடு, அதற்கும் கீழே நஷ்டம்.
சாப்பாட்டு வேளையில் வேறு வேலை இல்லை,
கூட்டிப் பார்த்தேன்.
தப்பு.
மூன்று மூட்டை கூடுதலாகவே
தோற்றிருக்கிறான் காகிதத்தில்,
இல்லை, சுவரில்.
மூன்று மூட்டையை வைத்து
இன்னொரு குளிர்காலம் இருந்திருக்கலாமா,
இருந்து என்ன கண்டிருப்பான்,
க்ளைவ் சாண்ட்விச்சைப் பாதியில் வைத்துவிட்டு
கம்பிச் சுருளை உருட்ட ஆரம்பித்தான்.

நான் எதையும் எந்தப் பக்கமும் தள்ளவில்லை.
கம்பியை முன்சுவர் வரை கொண்டுவந்து
கல்லில் துளையிட்டு முறுக்கினேன்.
பின்சுவரில் இன்னொரு துளை,
அங்கிருந்து மறுபடி கம்பி.
இடையில் நொஸ்கேயின் நடுச்சுவர்தான் வேலி.
அதிலிருந்த ஒரே வழியில்
வலைக் கேட் ஒன்றை மாட்டினேன்.
அடுப்பு லோர்னாவுக்கு.
படுக்கையறை இவோருக்கு.

பதினோரு மீட்டர் கம்பி மிச்சம்.
அதைக் கழித்து ஆளுக்குப் பாதி என்று
பில் எழுதினேன்,
இரண்டு தடவை கூட்டிச் சரிபார்த்து.
கட்டி இத்தனை காலம் கழித்து
அந்த வீடு முதல்முறையாக
யாருக்கோ கொஞ்சம் லாபம் காட்டியிருக்கிறது.

லோர்னா செக் அனுப்பிவிட்டாள்.
இவோரிடமிருந்து இன்னும் வரவில்லை.